கோமதிக்கு, கும்பகோணத்திலிருந்து

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. கீமோ முடிந்து ஸ்கேனும் நன்றாக வந்திருக்கிறது என்று படித்ததும் அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தபோது இருந்த தெம்புகூட இப்போது இல்லை, மதியத்துக்கு மேல் பொழுது நகரவே மாட்டேன் என்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். தைரியமாக இரு, நம்பிக்கையோடு இரு என்று பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இவருக்குப் பக்கவாதம் வந்த புதிதில் வந்தவர் போனவர் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். எப்படி இருப்பது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இவருக்கு வலது கையும் பேச்சும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. பிசியோதெரபிக்கு வீட்டுக்கே ஆள் வருகிறார். சில வாரம் ஒரு சொல் கூடுகிறது, சில வாரம் ஒன்றும் இல்லை. மருந்து, துணி, கஞ்சி, மறுபடி மருந்து என்று இந்த வீட்டில் எந்த வேலையும் முடிவதே இல்லை, அதுதான் என்னைப் படுத்தியது. அப்போதுதான் சிக்குக் கோலத்தைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் வாசலில் நாலு இழை இழுத்துவிட்டு உள்ளே ஓடுகிறவள்தான் நான், உனக்குத் தெரியுமே. இப்போது இவர் எழுந்திருப்பதற்கு முன் அரை மணி நேரம் எனக்கே எனக்கு. புள்ளிகளைச் சுற்றி வளைந்து போன இழை, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டால் கோலம் முடிந்தது. அன்றைக்கு ஒரு வேலையாவது முடிந்தது. விரலிடுக்கில் மாவு விழுகிற வேகத்தைக் கவனிக்கும்போது வேறு நினைப்பு வராது. வந்தால் இழை தப்பிவிடும். (தப்பினால் அங்கேயே ஒரு சுழி போட்டு மூடிவிடுவேன். எதிர்வீட்டு மாமி இதுவரை கண்டுபிடிக்கவில்லை.)

ராத்திரியே நோட்டில் மறுநாள் கோலத்தைப் போட்டுப் பார்த்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். பெரிய நம்பிக்கை எல்லாம் எனக்கு வந்துவிடவில்லை, கோமதி. காலையில் எனக்கென்று ஒன்று காத்திருக்கிறது என்கிற அளவுக்குத்தான். இப்போதைக்கு அதை வைத்துக்கொண்டு எழுந்திருக்க முடிகிறது.

உன் பையன் எனக்கும் அனுப்பினானே, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, அதைப் புரட்டினேன். 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, பாட்டும் படமும் ஆட்டமும் உடம்புக்கும் மனசுக்கும் உதவுகின்றன என்கிறார்கள். சரி. ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அந்த அரை மணி நேரத்தை யார் கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து இவரோடு உட்கார்ந்துகொள்கிறாள். பெரிய கோலமெல்லாம் அன்றைக்குத்தான்.

நீ கொடுத்த புத்தகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பற்றிய பகுதியையும் படித்தேன். 1941இல், 71 வயதில், குடல் புற்றுநோய்க்கு லியோன் நகரத்தில் ஆபரேஷன். அதற்கப்புறம் ரொம்ப நேரம் நின்றுகொண்டு படம் வரைய முடியவில்லை. வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரியால் வெட்ட ஆரம்பித்து, 1954இல் சாகிறவரைக்கும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி வெட்டித் தள்ளியிருக்கிறார். நோய்தான் அவருக்குப் புதுக் கலையைக் கொடுத்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் எதையும் கொடுப்பதில்லை. முடிகிறது எது என்று அவர் தேடிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். காகிதத்துக்கு வண்ணம் பூசவும், வெட்டியதைச் சுவரில் குத்தி வைக்கவும் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், இல்லையா?

அப்புறம், ஒரு நல்ல செய்தி. இவர் என் நோட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு புள்ளிகளை எண்ண ஆரம்பித்திருக்கிறார். ஆபீசில் கணக்குப் பார்த்த புத்தி எங்கே போகும்? நடுவரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 1 வரை ஊடுபுள்ளி, இரண்டு புள்ளிக்கு இடையில் ஒன்று என்று. எண்ணி முடித்து இடது கையால் 49 என்று எழுதினார். 5 புள்ளிக் கோலத்துக்கு 25. அடுத்து 9 புள்ளிக் கோலத்தை எண்ணாமலே 81 என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. நான் ஒரு புள்ளியை விட்டுவிட்டால் இப்போதெல்லாம் அந்த இடத்தில் விரலால் தட்டுகிறார், வாத்தியார் மாதிரி!

உனக்கு அடுக்குமாடியில் வாசல் இல்லை. விரல் நுனி வேறு மரத்துப்போகிறது என்கிறாய். அதை டாக்டரிடம் மறக்காமல் சொல். மாவு வேண்டாம், கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். கணக்கு டீச்சரான உனக்கு இது ஒன்றும் கௌரவக் குறைவில்லை. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் கூட இருந்தவர்களும் கோலத்தை வைத்தே 1974இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அழகாக வரவேண்டும் என்று பார்க்காதே. வாட்ஸப்பில் போடச் சொன்னால் போடாதே.

ஒரு கணக்கு தருகிறேன். நேர்ப்புள்ளி, ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக, செவ்வகமாக வை. எல்லாப் புள்ளியையும் சுற்றி வருகிற மாதிரி சாய்வாகவே இழுத்துக்கொண்டு போ, ஓரம் வந்தால் மட்டும் திரும்பு. 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்றால் ஒரே இழையில் முடிந்துவிடுகிறது. 4க்கு 6 வைத்தால் இரண்டு தனித்தனி இழை. 4க்கு 4 என்றால் நாலு. 6க்கு 9 வைத்தால் எத்தனை, ஏன்? இவருக்கு விடை தெரியும் என்று நினைக்கிறேன், சொல்ல மாட்டேன் என்கிறார். நீ போட்டுப் பார்த்து எழுது.

உன்,
ராஜி