காலடியைப் பார்

அன்புள்ள சண்முகம்,

கடிதமும் படமும் வந்தன. மூட்டுவலி குறைந்தது என்றாய், சந்தோஷம்.

கோஷ்டத்தில், அதாவது கோயில் வெளிச்சுவர் மாடத்தில், நிற்பது துர்க்கையா, பெருமாளா என்று கேட்டிருக்கிறாய். சங்கு சக்கரத்தைப் பார்த்துக் குழம்பிவிட்டாய். அவை துர்க்கைக்கும் உண்டு. 'விஷ்ணு துர்க்கை' என்ற பெயரே அதனால்தான். மார்புக் கச்சையைக் கவனித்திருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும். கைகளை எண்ணி முடிவுக்கு வராதே. உடலை விட்டு விலகி நிற்கும் கையும் ஆயுதமும்தான் முதலில் உடையும். காலடியில் தொடங்கு.

வெறும் எருமைத் தலைமேல் நிமிர்ந்து நின்றால், எருமை அசுரனான மகிஷனோடு நடந்த போர் முடிந்துவிட்டது. சோழர் கோயில்களில், கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்து வடக்குக் கோஷ்டத்தில் பெரும்பாலும் இவள்தான். பாவாடை கட்டினால் அந்தத் தலை மறைந்துபோகும். அபிஷேகத்துக்காக அலங்காரம் களையும் நேரத்தை அர்ச்சகரிடம் கேட்டுக்கொண்டு போ.

ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் புள்ளமங்கைச் சிவன் கோயிலுக்குப் போ. தலைக்கு மேலே குடை, ஒருபுறம் சிங்கம், மறுபுறம் கலைமான். கீழே மண்டியிட்ட இருவரில் ஒருவன் தன் தொடையை அரிகிறான், மற்றவன் தன் தலையையே கொடுக்கத் துணிந்துவிட்டான். தன் உடலையே அரிந்து தேவிக்குப் பலியிடும் நவகண்டம்! அந்த மான் பழந்தமிழர் போர்த்தெய்வமான கொற்றவைக்கு உரியது. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர் என்ற வேட்டுவர் பாடும் அவளும் கலைமான் உடையவள், எருமைத் தலைமேல் நிற்பவள்.

மாமல்லபுரம் மகிஷமர்த்தினி குகையில் போர் இன்னும் ஓயவில்லை. எட்டுக் கையோடு சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைக்கிறாள். எதிரே மனித உடலும் எருமைத் தலையுமாக அசுரன், இரு கையாலும் கதாயுதத்தைப் பிடித்தபடி பின்வாங்குகிறான். உடல் பின்னே சாய்ந்திருந்தாலும் முகம் அவளை விட்டுத் திரும்பவில்லை. தோற்பவனுக்கு இவ்வளவு கம்பீரம் கொடுத்த சிற்பி வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே மாமல்லபுரத்தில் திரௌபதி ரதக் கருவறையில் எருமையே கிடையாது, தாமரைப் பீடம்தான். அங்கே நாலு கைதான். காலடியில் தன் தலைமுடியைப் பிடித்துக் கழுத்தில் வாள் வைத்திருக்கும் பக்தனைக் கொண்டு அவளை அடையாளம் காணலாம்.

அளவெடுக்கப் போவதாகச் சொன்னாயே, சிற்பிகள் கணக்கில் தேவிக்கு மத்திம தசதாளம் என்ற அளவுமுறை, 120 அங்குலம். இது ஸ்கேல் அங்குலம் இல்லை, உருவத்தின் உயரத்தையே 120 பங்காக்கியது. உள்ளங்காலிலிருந்து தலை உச்சிவரை எடு. மகுடமும் எருமைத் தலையும் சேரக் கூடாது. சேர்த்தால் முகம் சிறுத்துவிட்டதாகக் கணக்கு தப்பும்.

அடுத்த படத்தை முழங்காலுக்குக் கீழே எடுத்து அனுப்பு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடி, நேரே அடித்தால் செதுக்கல் தெரியாது.

அன்புடன்,
ராமு