ஆண்டு மலரில் காணாமற்போன எட்டு வரிகள்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மலருக்காக நான் எழுதித் தந்த, அமெரிக்கக் கறுப்பின ஆசிரியை செப்டிமா கிளார்க் பற்றிய பக்கம் மெய்ப்புப் படியாகத் திரும்பி வந்தபோது, 1956-ஆம் ஆண்டைப் பற்றிய எட்டு வரிகள் அடிக்கப்பட்டு, ஓரத்தில் "அரசியல் வேண்டாமே" என்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. இப்போது அதைப் படிக்கும் பிள்ளைகள், நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்திய அந்த அம்மையார், வேலை பறிபோனதால் அல்ல, ஒருநாள் காற்று வாங்கத்தான் டென்னசி மாநில மலைக்குப் போய்விட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1916-இல் அவரும் இன்னோர் ஆசிரியையும் 132 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதையும், எதிர்ப்புறத்து வெள்ளையர் பள்ளியில் மூன்றே பிள்ளைகள் இருந்ததையும் விட்டுவைத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பில் அரசு ஊழியர் எவரும் இருக்கக் கூடாதென்று நாம் குடியேறி வாழும் இதே தென் கரோலினா சட்டம் போட்டதும், உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்த அவர் 58 வயதில் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்ததும் அந்த எட்டு வரிகளில்தான் இருந்தன.

அந்தச் சட்டத்தை எதிர்க்குமாறு கறுப்பின ஆசிரியர்களுக்கு அவர் கையொப்பமிட்டு அனுப்பிய 726 கடிதங்களுக்கு 26 பதில்களே வந்தன. அவருக்காக விருந்து நடத்திய மகளிர் சங்கத்தாரே, வேலை போய்விடுமென்ற அச்சத்தில், அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டனர். விருந்து வைத்தார்கள், பக்கத்தில் நிற்கவில்லை. நாமும் இப்போது அவருக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்துவிட்டு அதையேதான் செய்கிறோம். அவர்களுக்காவது பறிபோவதற்கு ஒரு வேலை இருந்தது, நமக்கு என்ன போய்விடும் என்று எனக்கு விளங்கவில்லை.

அவரை நீக்கியது அநீதி என்று 1976-இல் இம்மாநில ஆளுநரே ஒப்புக்கொண்டு ஓய்வூதியத்துக்கு வழிசெய்தார். அரசே ஒப்புக்கொண்டதை அச்சிட நம் மலருக்கு மட்டும் ஏன் இத்தனை தயக்கம்? விருந்தினர் படங்களுக்கு நான்கு வண்ணப் பக்கங்கள் ஒதுக்க முடிகிற நமக்கு... மன்னிக்கவும், நான் கேட்க வந்தது அதுவன்று.

அந்த எட்டு வரிகளை அப்படியே திரும்பச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இடம் போதாதென்றால், பக்கத்தின் அடியிலுள்ள என் படத்தையும் பெயரையும் எடுத்துவிடுங்கள். சரியாக எட்டு வரிகளுக்கு இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் நிலை வகுப்பின் தன்னார்வ ஆசிரியை