கண்ட்ரோல் ரூம் இன்சார்ஜ் யாரிடம் போய்ப் பேசுவார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது பற்றிப் போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது, அதற்குச் சமாதானம் சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் போனை எடுத்த பெண்ணுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார் பாருங்கள், அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. ஓர் அவசர அழைப்பு மையத்தில் பதினோரு வருடம் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தவன் நான். எந்த மையம் என்பது வேண்டாம், என்னோடு இருந்தவர்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

ஈரம் இல்லாமல் இல்லை. அழுகிறவரிடம் ஊர் எது, தெரு எது, பக்கத்தில் கோயிலோ பள்ளிக்கூடமோ இருக்கிறதா, மூச்சு வருகிறதா என்று ஒரே குரலில் கேட்டு வாங்க வேண்டும். இவரும் சேர்ந்து பதறினால் வண்டி வேறு தெருவுக்குப் போய்விடும். அந்தக் குரலைப் பழக்கியது நாங்கள்தான், திட்டுவதென்றால் எங்களைத் திட்டலாம்.

சரி, போன் எடுப்பவர்களின் மன அழுத்தத்தைப் பற்றியாவது எப்போதாவது ஒரு வகுப்பு, ஒரு யோகா என்று நடக்கிறது. அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் இன்சார்ஜ், மேனேஜர் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒரு மோசமான அழைப்பை எடுத்தவர் ஒரு தடவை கேட்கிறார். இன்சார்ஜ் அது நடக்கும்போதே லைனில் புகுந்து கேட்கிறார், புகார் வந்தால் பதிவைப் போட்டுக் கேட்கிறார், விசாரணை அதிகாரி வந்தால் அவரோடு உட்கார்ந்து கேட்கிறார், பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் நடத்தவும் அதையே போடுகிறார். கிணற்றில் விழுந்த பிள்ளைக்காக ஒரு தாய் கத்தியதை நான் ஆறு தடவை கேட்டிருக்கிறேன். எட்டாவது வினாடியில் பின்னால் ஒரு நாய் குரைக்கும். இன்றைக்கும் எங்கள் தெருவில் நாய் குரைத்தால் அடுத்து அந்தக் குரல் வரப்போகிறது என்று காது காத்துக்கொண்டிருக்கிறது.

வண்டி ஒதுக்குவது அதைவிடக் கொடுமை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வட்டாரத்தில் மிச்சம் இருப்பது ஒரே வண்டி, ஒரு பக்கம் பிரசவ வலி, இன்னொரு பக்கம் நெஞ்சு வலி. டாக்டரிடம் கேட்கலாம்தான், ஆனால் பதிவேட்டில் பெயர் இன்சார்ஜுடையது. 2021 மே மாதம் சென்னையில் அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் உள்ளே நோயாளியோடு வரிசையில் நின்றதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். படுக்கை கிடைக்காமல் அங்கே நின்ற ஒவ்வொரு வண்டியும் அடுத்து அழைப்பவருக்கு இல்லாத வண்டி என்பது கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்களுக்குத்தான் உறைத்திருக்கும்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கீழே இருப்பவர்களிடம் சொன்னால் அவர்கள் தைரியம் போய்விடும். மேலே சொன்னால், ஆளுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்று எழுதிவிடுவார்கள், அடுத்த பதவி உயர்வில் அது வந்து நிற்கும். வீட்டில் சொல்லலாம் என்றால், மூன்றாவது நாளே அவர்களுக்கும் தூக்கம் போய்விடுகிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022-லிருந்து இருக்கிறது, நல்ல ஏற்பாடு, ஆனால் எட்டு மணி நேரம் ஹெட்செட் மாட்டிக்கொண்டிருந்தவனிடம் இன்னொரு எண்ணுக்குப் போன் போடு என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

எனக்கு ஒரு வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு பயிற்சிக் கூட்டத்தில் போலீஸ் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக்கொண்டவர் ஒருவரும் தீயணைப்புத் துறைக்காரர் ஒருவரும் பழக்கமானார்கள். அப்புறம் மாதம் ஒரு தடவை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் சந்திக்க ஆரம்பித்தோம். யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை என்பதுதான் அதில் முக்கியம். கிணற்றுப் பிள்ளை விஷயத்தை முதன்முதலில் அங்கேதான் சொன்னேன். ரெண்டு பேரும் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, தீயணைப்புக்காரர் மட்டும் "எனக்கு ஒரு பட்டாசுக் குடோன்" என்று ஆரம்பித்தார். அன்றைக்கு மூன்று டீ குடித்தோம். ரெண்டு வருடம் நடந்தது. ஒருவருக்கு மாறுதல் வந்ததும் நின்றுபோனது.

என் அனுபவம் மட்டும் என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவில் 911 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பவர்களை வைத்து வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகம் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, சம்பவ இடத்தில் இல்லாமல் காதால் மட்டும் கேட்டவர்களுக்கும் அந்த அதிர்ச்சி உள்ளே தங்கிவிடுவதைக் காட்டியது. வேலை காரணமாகக் கொடூரமான விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்வதையும் மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-ல் அதிர்ச்சிக் கணக்கில் சேர்த்துவிட்டது.

அதற்காகப் பெரிய சம்பவம் நடந்த மறுநாள் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, மனதில் உள்ளதைக் கொட்டுங்கள் என்று ஒரே ஒரு கூட்டம் போட்டு முடித்துவிட வேண்டாம். அப்படி ஒரு தடவை மட்டும் கட்டாயமாகக் கொட்ட வைப்பது வழக்கமாகச் செய்யத் தக்கதல்ல என்று மருத்துவ வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2005-லேயே சொல்லியிருக்கிறது. விருப்பம் உள்ளவர்கள் வரட்டும், ஆனால் அது மாதாமாதம் நடக்க வேண்டும்.

108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி, தீயணைப்பு மூன்றிலும் இன்சார்ஜ் நிலையில் இருப்பவர்களைக் கலந்து மண்டலத்துக்கு எட்டுப் பத்துப் பேராகக் குழு அமைக்கலாம். ஒரே அறையில் வேலை பார்க்கும் ரெண்டு பேர் ஒரே குழுவில் வேண்டாம். அழைத்தவர் பெயரோ ஊரோ சொல்லக் கூடாது, மினிட்ஸ் எழுதக் கூடாது. கேட்கப் பழக்குவதற்கு தற்கொலைத் தடுப்புக்காக 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சினேகா போன்ற அமைப்புகளைக் கேட்கலாம். ஒன்று மட்டும் அரசு எழுத்தில் தர வேண்டும்: அங்கே பேசியது துறை விசாரணைக்குப் போகாது என்று. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உள்ள ரகசியக் காப்பு மருத்துவப் பணியாளர்களை நினைத்து எழுதியது, டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது. இந்த உத்தரவாதம் இல்லாமல் கூட்டம் போட்டால் எல்லோரும் வந்து வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள்.

அந்த ரெண்டு மணி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கு வைத்தால் போதும். டீயை அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்ட் இன்சார்ஜ்
(பெயர் வெளியிட வேண்டாம்)
திருச்சி