அம்மாவின் முதுகு

அன்புள்ள அக்கா,

அம்மாவை வரைந்த படத்தைப் போனில் அனுப்பியதும் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா முகம் எங்கேடா?" அன்றைக்கு மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

முதலில் வைதரணியைத்தான் வரைய உட்கார்ந்தேன். கருட புராணம் சொல்கிற ஆறு. சீழும் ரத்தமுமாக ஓடுமாம், பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டுமாம். இரண்டு நாள் சிவப்பை அப்பினேன். பச்சைத் தண்ணீரில் கால் வைக்கவே யோசிக்கிற அம்மாவை அதில் இறக்க மனசு வரவில்லை. காயாத சிவப்பின் மேல் வெள்ளையை இழுத்தால் ரோஸாகத்தானே வரும்? கத்தியால் சுரண்டினேன். மிச்சம் இன்னும் வானத்தின் ஓரத்தில் இருக்கிறது, உற்றுப் பார்.

அப்புறம்தான் சுவிஸ் ஓவியர் ஆர்னால்ட் பொக்லினின் 'மரணத் தீவு' ஞாபகம் வந்தது. இருண்ட தண்ணீரில் ஒரு பாறைத் தீவை நோக்கிப் போகிற படகு. 1880-க்கும் 1886-க்கும் இடையில் ஐந்து தடவை அதை வரைந்தார் மனிதர். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். மாரி பெர்னா என்று ஒரு பெண், கணவரை இழந்தவர், பாதியில் நின்ற முதல் படத்தைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். படகில் சவப்பெட்டியும் வெள்ளை உடுத்திய உருவமும் அவர் கேட்டுத்தான் வந்தன. முதல் படத்திலும் பிறகுதான் அவற்றைச் சேர்த்தார் பொக்லின். அந்த வெள்ளை உருவம் நமக்கு முதுகைத்தான் காட்டுகிறது.

அம்மா முகத்தை நான் வரையாமல் இல்லை. நாலு தடவை வரைந்தேன். நாலும் அடையாள அட்டை போட்டோ மாதிரியே வந்தன. முதுகு மட்டும் எதையும் பார்க்காமலே வந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கி, கொண்டையிலிருந்து நழுவிய ஒற்றை முடி பின்கழுத்தில் ஒட்டிக்கொண்டு. அந்த முடிக்கே ஒரு சாயங்காலம் போனது. தண்ணீருக்குக் கறுப்பு டியூபைத் தொடவில்லை. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் பழுப்பைக் கலந்தால் ஒரு இருட்டு வரும், அதற்குள் நீலம் செத்துப்போகாமல் இருக்கும்.

காரோனைப் படகில் ஏற்றவில்லை. செத்தவர் வாயில் வைக்கிற காசை வாங்கிக்கொண்டு அக்கரை சேர்க்கிற கிரேக்கப் படகோட்டி. துடுப்பை அம்மா கையிலேயே கொடுத்துவிட்டேன். வேறு யார் ஓட்டினாலும் வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே போவாள், உனக்குத் தெரியாதா?

உன் தம்பி