கல்லூரிச் சாலை சினிமாக் கொட்டகை: பராமரிப்புச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு கையையும் காசையும் அதிகம் கேட்டது கூரைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று, கொட்டகையின் மேற்கு ஓரத்தில்தான் முதலில் மோதுகிறது. கூரை ஷீட்டைப் பிடித்திருக்கும், கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட்டின் தார் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். பிடி தளர்ந்த ஷீட் காற்றில் ஆட ஆடத் துளை பெரிதாகும். மழைநீர் போல்ட்டைப் பிடித்தே இறங்கி உள்கூரை அட்டையை ஊற வைக்கும். உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தார் பூசிப் பயனில்லை. நீர் கூரைச் சட்டத்தின் வழியே ஓடி வேறிடத்தில் சொட்டுவதால், ஓட்டையை மேட்டுப் பக்கமாகத்தான் தேட வேண்டும். மேற்கு ஓரத்துப் போல்ட்டுகளும் வாஷர்களும் மாற்றப்பட்டன. பழைய ஷீட்டில் கல்நார் இருக்கிறது. துளையிடும் இடத்தை நனைத்துக்கொண்டு கைத்துரப்பணம் மட்டுமே போட வேண்டும். மின் துரப்பணம் தூளைக் கிளப்பும், அது நுரையீரலுக்குக் கேடு. மேலே ஏறுவோர் பலகை போட்டு, போல்ட் வரிசையின் மேலேயே நடக்க வேண்டும்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: கட்டட உறுதி, மின்சாரம், தீயணைப்பு, சுகாதாரம் என நான்கு சான்றும் கையில் இருந்தால்தான் படம் காட்டுவதற்கான சி படிவ உரிமம் நகரும். ஒன்று காலாவதியானால் மற்ற மூன்றும் காத்துக் கிடக்கும். எனவே நான்குக்கும் ஒரே நாள்காட்டி வைத்திருக்கிறோம்.

அடுத்தது, ஃபிலிமைத் திரையில் ஓட்டிக் காட்டும் நம் இரண்டு படக்கருவிகள். இரண்டையும் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று உறுப்பினர் சிலர் கேட்டார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஓடாத கருவியில் எண்ணெய் கெட்டியாகும், ரப்பர் பெல்ட் நின்ற வளைவிலேயே இறுகும், பிறகு ஓட்டினால் பல்சக்கரம் தேயும். வாரம் ஒரு முறை ஃபிலிம் இல்லாமல் 15 நிமிடம் ஓட்டுகிறோம். எண்ணெய் மட்டம், கருவியில் அதைக் காட்டும் சிறு கண்ணாடியின் பாதியில் நிற்க வேண்டும்.

35 மி.மீ. ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2000 அடி ரீல் சுமார் 22 நிமிடம்தான். அதனால்தான் இரண்டு கருவிகள். ரீல் முடிய சுமார் எட்டு நொடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். அப்போது அடுத்த கருவியின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாம் புள்ளியில் படத்தை அந்தக் கருவிக்கு மாற்ற வேண்டும். படம் குலுங்கினால் முதலில் ‘கேட்’டுக்கு (ஃபிலிம் ஒளியின் முன் நின்று செல்லும் சட்டம்) மேலும் கீழும் ஃபிலிமைத் தளர்வாக விட்டிருக்கும் லூப்பைப் பாருங்கள்; லூப் போனால் படம் ஆடும், ஃபிலிமின் ஓரத் துளைகளும் கிழியும். ‘கேட்’டில் படியும் கசடை மரக்குச்சியால் சுரண்டலாம், இரும்பு ஆகாது. ஒலி மங்கினால், ஆம்பிளிஃபயரைத் திறக்கும் முன் ஃபிலிமின் ஒலித்தடத்தில் ஒளி பாய்ச்சும் எக்சைட்டர் விளக்கையும், அந்த ஒளி நுழையும் ஒலிப்பிளவில் சேர்ந்த தூசியையும் பார்க்க வேண்டும்.

ஒளிக்காக எரிக்கும் கார்பன் குச்சிகள் கிடைப்பது அரிதானதால் ஒரு கருவியில் செனான் வாயு விளக்கு இருக்கிறது. அது ஆறியிருந்தாலும் உள்ளே அழுத்தம் உண்டு. முகக்கவசமும் கையுறையும் இன்றி யாரும் விளக்குப் பெட்டியைத் திறக்கக் கூடாது. விரல் ரேகை பட்டால் விளக்கின் குவார்ட்ஸ் கண்ணாடி சூட்டில் பலவீனமாகும். விளக்கை அணைத்த பின்னும் மின்விசிறி ஓட வேண்டும்.

ஃபிலிம் பெட்டிகளில் காடி (வினிகர்) வாசம் அடித்தால் ஃபிலிமின் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பெட்டியைத் தனியே ஒதுக்கிக் காற்றோட்டமான, சூடு குறைந்த அறையில் வையுங்கள். அருகிலிருக்கும் நல்ல ரீலுக்கும் அது பரவும். பாலியெஸ்டர் ஃபிலிம் பிரதியில் சிமென்ட் (ஃபிலிம் பசை) ஒட்டு நிற்காது, டேப் ஒட்டுத்தான். பாலியெஸ்டர் ஃபிலிம் எளிதில் அறுவதும் இல்லை. சிக்கினால் கருவியின் பாகம் உடையும். எனவே ஃபிலிமின் இழுவிசையை ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் சரிபார்க்க வேண்டும்.

தென்னிந்திய சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் எழுப்பினார். பின்னர் அந்த அரங்கு டிலைட் என்றானது. சாலை இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான். படம் ஓட்டும் அந்தக் கலையைக் கையால் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நமக்கு இருக்கும் அவகாசம் அதிகமில்லை என்பதே என் கவலை.

வரவு செலவு அறிக்கை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. கருவிகளை ஆபரேட்டர் ரூமிலேயே வைத்து ஓட்டும் தீர்மானத்தைப் பொதுக்குழு நிறைவேற்ற வேண்டுகிறேன். ஆபரேட்டர் வேலை பழக விரும்பும் மாணவ மாணவியர் கூட்டம் முடிந்ததும் மாடிக்கு வாருங்கள். பருத்தித் துணிக் கையுறை கொண்டுவாருங்கள். முதல் பாடம், ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் ரிவைண்டரில் தொடங்கும்.

செயலாளர்