உதகை உணவகத்தாருக்கு ஒரு திறந்த மடல்: பொரியலுக்கு இன்னும் கொஞ்சம் இடம் தாருங்கள்

உதகமண்டலத்திலும் குன்னூர், கோத்தகிரியிலும் ஓட்டல், மெஸ், டிபன் கடை நடத்தும் உரிமையாளர்களுக்கும், விடியுமுன்பே அடுப்பைப் பற்ற வைக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் உதகையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். குடும்பம் கூடலூரில் இருக்கிறது. அந்த மலைப்பாதையில் நாள்தோறும் போய்வர இயலாது என்பதால், வேலை நாட்களில் உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரோடு வாடகை அறையில் தங்கியிருக்கிறேன். அறையில் சமைக்க வசதி இல்லை. ஆகவே ஆறு ஆண்டுகளாக என் மூன்று வேளை உணவும் உங்கள் அடுப்படியிலிருந்துதான் வருகிறது. போன ஆண்டு பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தது. உப்பைக் குறையுங்கள், சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள் என்றார் மருத்துவர். கேட்பதற்கு எளிதாக இருந்த அந்தச் சொல்லை, கடையில் வாங்கித் தின்றுகொண்டே கடைப்பிடிக்க ஓராண்டு முயன்றுவிட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் மதியம் ஆசிரியர் அறையில் பிரித்த பார்சல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாழையிலையைப் பிரித்ததும் ஆவி பறந்த சோற்றை நானும் தோழியும் பங்கிட்டு வயிறு நிறைய உண்டோம். அப்படியும் ஒரு பிடி மிஞ்சியது. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் என எதிலும் குறையில்லை. பொரியல் பொட்டலத்தைப் பிரித்தபோது அதில் முட்டைக்கோசு மூன்று தேக்கரண்டி அளவே இருந்தது. அன்று காலையில்தான், கழுவிய கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிய லாரிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தேன். கேத்தி பாலாடாவிலும் முத்தோரை பாலாடாவிலும் கேரட், பீட்ரூட், பீன்ஸ், கோசு, முள்ளங்கி, டர்னிப் எல்லாம் விளைந்து ஊர் ஊராகப் போகின்றன. சமவெளி மக்கள் மலைக்காய்கறி என்று தேடி வாங்கும் அந்தக் காய், அது விளைகிற ஊரிலேயே ஒரு சாப்பாட்டு இலையில் மூன்று கரண்டியைத் தாண்டாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டி, தட்டில் பாதி காய்கறி, கீரை, பழமாக இருக்க வேண்டும் என்கிறது. காய்கறியும் பழமும் சேர்த்து நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம், உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 5 கிராம் உப்பு என்றால் தலை தட்டிய ஒரு சிறு கரண்டி. சாம்பார், ரசம், பொரியல், ஊறுகாய், அப்பளம் அத்தனையிலும் இருக்கும் உப்பு அந்தக் கரண்டிக்குள் அடங்க வேண்டும். வீட்டில் சமைப்பவர் தம் கையை அடக்கிக்கொள்ளலாம். கடையில் உண்பவருக்கு அந்தக் கை உங்களுடையது. நான் மனவுறுதியோடு இருந்தாலும், ஏற்கெனவே கலந்துவிட்ட உப்பை என்னால் எடுத்துவிட முடியாது. ஊறுகாயையும் அப்பளத்தையும் எல்லாப் பொட்டலத்திலும் போடாமல், கேட்பவருக்கு மட்டும் கொடுத்தாலே என்னைப் போன்ற பலருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

காயைக் கூட்டச் சொல்லி ஒரு மாஸ்டரிடம் நேரில் பேசினேன். அவர் கோபப்படவில்லை, நறுக்க ஆள் இல்லை, இந்தக் குளிரில் காய் வேக நேரமாகிறது, கேஸ் வீணாகிறது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் போட்டது எதுவும் கீழே போல் விரைவில் வேகாது; பருப்பைக் குக்கரில் வைக்காமல் இங்கே யாரும் தப்ப முடியாது. ஆனால் காலை இட்லிக்கு எப்படியும் பெரிய கொப்பரை ஆவியோடு நிற்கிறது. கடைசி ஈடு இட்லியை எடுத்ததும் அதே தட்டுகளில் பொடியாக நறுக்கிய கேரட்டையும் பீன்ஸையும் அடுக்கி மூடினால், தனியாக அடுப்பு தேவைப்படாது. பிறகு தாளித்துப் புரட்ட எண்ணெயும் கொஞ்சம் போதும். விடுமுறையில் என் அம்மாவின் இட்லிப் பானையில் இதைச் செய்து பார்த்தேன். காய் குழையாமல், நிறம் மாறாமல் வந்தது.

விலையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். சோறு மலிவு, காய் விலை கூடுதல் என்பது எனக்குத் தெரியும். பாதிச் சோறும் இரண்டு பங்கு பொரியலும் வைத்து ஒரு பார்சலை முழு விலைக்கே விற்றாலும் நான் வாங்குவேன். எங்கள் ஆசிரியர் அறையில் இன்னும் சிலர் வாங்குவார்கள். செயலி வழியாக விற்கும் கடைகள் இதைப் பட்டியலில் ஒரு தனி வரியாகச் சேர்த்தால் போதும். இப்போது குறிப்புப் பெட்டியில் “சோறு குறைவாக” என்று எழுதி அனுப்புகிறேன். சோறு குறைந்து வருகிறது. பொரியல் அதே மூன்று கரண்டிதான்.

இரவில்தான் வழியே இல்லை. எட்டு மணிக்கு மேல் பல கடைகளில் பரோட்டாவும் ஃபிரைடு ரைஸும் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. குளிருக்குச் சூடான சால்னாவில் ஊறிய பரோட்டா எவ்வளவு இதமானது என்பதை நானும் அறிவேன். அதை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. இரவு ஒன்பது வரை இட்லியோ, எண்ணெய் தடவாத சப்பாத்தியோ, ஒரு கிண்ணம் காய்கறிக் குருமாவோ கிடைக்கட்டும் என்கிறேன். இந்த மலையிலேயே படுகர் வீடுகளில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் இன்றும் உண்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் அதைப் பலகையில் எழுதிப் போட்டால் சுற்றுலா வந்தவர்களும் ஆவலோடு கேட்டு உண்பார்கள் என்பது என் நம்பிக்கை.

பஜ்ஜி எண்ணெயைப் பற்றி ஒரு சொல். திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெயில் சேரும் கெட்ட பொருட்களான துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் விதி. கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயை அடையாளம் காண உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சீசனில் வரும் கூட்டம் ஜூனில் இறங்கிப் போய்விடும். மழையிலும் பனியிலும் உங்கள் பெஞ்சில் உட்காருபவர்கள் வேன் ஓட்டுநர்கள், வங்கி ஊழியர்கள், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவர்கள், விடுதி மாணவர்கள், என்னைப் போன்ற ஆசிரியர்கள். எங்களில் பலர் சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ மாத்திரை போட்டுக்கொண்டுதான் உங்கள் கடைக்குள் நுழைகிறோம்.

வரும் திங்கட்கிழமை மதியம் நானும் தோழியும் ஆளுக்கொரு எவர்சில்வர் அடுக்குத் தூக்கோடு நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்கு வருகிறோம். கீழ் அடுக்கில் பாதிச் சோறு, மேல் இரண்டு அடுக்கிலும் பொரியல் வைத்துத் தரும்படி கேட்போம். முழுச் சாப்பாட்டின் பணத்தைக் கல்லாவில் கட்டிவிட்டே கேட்போம்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை,
உதகமண்டலம்