அசிடுவஸ் என்றால் என்ன?

சுங்கை சிப்புட், மலேசியா
வெள்ளி இரவு

அன்புள்ள மணியம்,

மூன்று மாதமாக உன் மெசேஜ்களைப் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறேன். நீல டிக் காட்டிக் கொடுத்திருக்கும், பொய் சொல்லிப் பயனில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். என் முட்டி அப்படியேதான். குட்டைக் கிராணி கோப்பிக் கடையில் இன்னும் புலியைப் பார்த்த கதையைச் சொல்கிறார். புலி போன தடவையைவிட இரண்டு அடி வளர்ந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய வேலையைக் கெடுத்துவிட்டேன்.

மேட்டு லயத்து அஞ்சலைக்காவின் பேத்தி கோகிலா. ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளோமா, கடைசிப் பருவம். அப்பா இன்னும் செம்பனைக் குலைதான் வெட்டுகிறார். பிப்ரவரியில் அவள் வந்து, "தாத்தா, ரெசூமேவும் கவர் லெட்டரும் எழுதணும், கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றாள். பாத்துக் குடுங்க என்றுதான் கேட்டாள். எனக்குக் கை சும்மா இருக்குமா? குடியுரிமை கிடைக்காத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு மனு எழுதியே பேர் வாங்கியவன் இல்லையா நான். முழுக் கடிதத்தையும் நானே எழுதிவிட்டேன், அவள் பெயரில், என் இங்கிலீஷில். 'ஐ ஹம்ப்ளி பெக்' என்று ஆரம்பம். நடுவில் 'அசிடுவஸ்', விடாமுயற்சியோடு உழைப்பவள் என்று அர்த்தம். அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கு இருந்த குஷியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

பதினான்கு இடத்துக்கு அனுப்பினாள். ஒரே ஒரு கம்பெனி கூப்பிட்டது. அங்கே இருந்த அம்மா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அசிடுவஸ் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படி நடந்துகொண்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு அந்தச் சொல்லே தெரியாது. அது ஏதோ மீட்டர் என்று நினைத்து, பாலிடெக்னிக்கில் பயன்படுத்தியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்!

சிரிக்காதே. சரி, சிரி. நானும் முதலில் சிரித்துவிட்டேன். "பரவாயில்ல தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள் பார், அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் கூப்பிட்டு, பசியாறிவிட்டு வா, திரும்ப எழுதலாம் என்றேன். இந்தத் தடவை நான் பேனாவைத் தொடவில்லை, சத்தியம். அவளுடைய ரெசூமேவை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். மூன்று பக்கம். ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆரில் 6ஏ வாங்கியது முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தேர்வையே 2021-இல் ஒழித்துவிட்டார்கள். பொழுதுபோக்கு, வாசித்தல். குணம், குழுவாக இயங்குபவள், கடின உழைப்பாளி. எல்லாப் பிள்ளையும் எழுதுவதுதான். கடன் கேட்க வருகிறவன் 'நான் யோக்கியன்' என்று சொல்வது மாதிரி.

அப்புறம் பேச்சுவாக்கில் தீமிதித் திருவிழா வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காவடி வாசலுக்கு வரும்போது ஜெனரேட்டர் படுத்து, குட்டைக் கிராணி சாமிக் குத்தம் என்று ஊரைக் கூட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? சாமிக் குத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. எட்டு ஹாலஜன் விளக்கு, ஒவ்வொன்றும் 500 வாட். விளக்குக்கே 4,000 வாட் போனால், மைக் செட்டும் சீரியல் லைட்டும் சேர்ந்த பிறகு 5 கேவிஏ ஜெனரேட்டர் என்ன செய்யும்? அடுத்த வருஷம் சவுண்டு சர்வீஸ் மாமாவோடு இவள்தான் நின்றிருக்கிறாள். எட்டையும் 50 வாட் எல்.இ.டி.யாக மாற்றி 400 வாட்டில் முடித்திருக்கிறாள். மைக் செட்டுக்குத் தனி வயர். மூன்று ராத்திரியும் ஒரு தடவைகூட டிரிப் ஆகவில்லை. நீயும் வந்து சாப்பிட்டுவிட்டுத்தானே போனாய்.

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது கோயில் வேலை தாத்தா. மாமா நூறு வெள்ளிதான் குடுத்தாரு. அதையெல்லாம் வேலைன்னு எழுதலாமா?" என்கிறாள்.

மணியம், பினாங்கு பாயான் லெப்பாசில் ஆள் எடுக்கும் வேலையில் நீ மனுக்கட்டைப் புரட்டியதைச் சொல்வாயே, மேல் பாதியை மட்டும்தான் பார்ப்பேன் என்று. அந்த மேல் பாதியில் இப்போது திருவிழா உட்கார்ந்திருக்கிறது. என்ன பிரச்சினை, அவள் என்ன செய்தாள், எத்தனை வாட் குறைந்தது, இரண்டே வரி. அடுத்து அவளுடைய புராஜெக்ட், மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் விடும் கருவி. நாலு பேர் சேர்ந்து செய்தது. இவள் பங்கு சென்சர் வயரிங்கும் சால்டரிங்கும் என்று பிரித்து எழுதச் சொன்னேன். மற்றவன் செய்ததைக் கேள்வி கேட்டால் அங்கே இன்னொரு அசிடுவஸ் ஆகிவிடும். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம்.

என் பேரன் ஒரு வேடிக்கை காட்டினான். அவள் எடுத்திருந்தது இரண்டு நெடுவரிசை டெம்ப்ளேட். தமிழுக்கு ஐந்து நட்சத்திரம், ஆங்கிலத்துக்கு மூன்று, ஓட்டலுக்குப் போடுவது மாதிரி. அதை அப்படியே காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினான். நட்சத்திரம் எல்லாம் காணோம். பள்ளிக்கூடத்தின் பெயர் நடுவில் அவள் தொலைபேசி எண் வந்து நிற்கிறது. பெரிய கம்பெனிகளில் மனிதனுக்கு முன்னால் கம்ப்யூட்டர்தான் படிக்கிறதாம், அதுவும் இப்படிக் குழம்பிப் போக வாய்ப்பு உண்டு என்றான். இப்போது ஒரே நெடுவரிசை, சாதாரணத் தலைப்பு. விளம்பரத்தில் 'பி.எல்.சி.' (ஆலை இயந்திரங்களை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) என்று கேட்டிருந்தால் நாமும் அதே எழுத்தில் எழுதவேண்டும். ஆனால் வகுப்பில் மட்டும் படித்தது என்றால் அப்படியே சொல்லிவிட வேண்டும்.

அடையாள அட்டை எண்ணை நீக்கச் சொன்னேன். அதில் பிறந்த தேதி, மாநிலம், ஆணா பெண்ணா எல்லாம் இருக்கிறது. வேலை கொடுக்கும்போது கேட்டால் கொடுக்கலாம். போட்டோ வேண்டுமா வேண்டாமா என்பதில் பேரனுக்கும் எனக்கும் சண்டை. நீ தீர்த்து வை.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்ற கட்டத்தில் 1,500 வெள்ளி என்று போட்டிருந்தாள். 2025 பிப்ரவரியிலிருந்து சட்டப்படி குறைந்தபட்சமே 1,700. டிப்ளோமா முடிக்கப்போகிற பிள்ளை அதற்கும் கீழே கேட்கிறது. ஏன் என்றேன். "அதிகமா கேட்டா கூப்பிடமாட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க." நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கோப்பி கலக்கினேன்.

கவர் லெட்டரை அவளே எழுதினாள். முதலில் தமிழில் வாயால் சொல்லச் சொன்னேன், பிறகு அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினாள். எந்த வேலை, எங்கே பார்த்தேன், ஜெனரேட்டர் கதை, நீங்கள் சுவிட்ச்போர்டு செய்கிறீர்கள், நான் பிராக்டிகலில் அதைத்தான் பிரித்துப் பூட்டினேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் 'டியர் சார்' போட்டிருந்தாள். கம்பெனிக்குப் போன் போட்டுப் பெயரைக் கேள் என்றேன். பத்து நிமிஷம் பயந்தாள், இரண்டு நிமிஷத்தில் பெயர் கிடைத்தது.

நடுவில், "அப்பா வேலைய எழுதணுமா தாத்தா?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் தேவையில்லை என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி. 1979-இல் உன் முதல் மனுவில் அந்த இடத்தில் 'அக்ரிகல்ச்சரல் அசிஸ்டன்ட்' என்று எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அன்று நீயும் இப்படித்தான் மூச்சு விட்டாய். ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம். உன் அப்பா நெற்றி விளக்கோடு ரப்பர் மரம் வெட்ட நிரைக்குப் போவதைத் தினமும் பார்த்துக்கொண்டே அப்படி எழுதினோமே.

சரி, விடு. இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன். பழைய வேலை நினைப்பில், கண்ணாடி போட்டுக்கொண்டு, இரக்கமில்லாமல் படி. ரெஃபரன்ஸுக்கு உன் பெயரைப் போடலாமா? கேட்காமல் போடக்கூடாது என்று இப்போது தெரியும். ஓய்வு பெற்ற நம் தலைமையாசிரியர் பெயரைக் கேட்காமல் போட்டோம், போன் வந்ததும் "எந்தக் கோகிலா?" என்று கேட்டிருக்கிறார்.

ஞாயிறு ராத்திரிக்குள் சொல், திங்கள் காலையில் அனுப்புகிறாள். அசிடுவஸ் எங்கேயும் இல்லை, தேடாதே.

உன்
சுப்பையா